போர்முனை இல்லாத ஊரின் போர்க்காலப் பிள்ளைகள்

போர்க்காலச் சிறுவர் என்றதும் இலங்கைத் தமிழ் வாசகரின் மனத்தில் முதலில் எழுவது வன்னி. அடுத்து யாழ்ப்பாணத்துப் பதுங்குகுழி, மட்டக்களப்பின் எல்லைக் கிராமம். தெல்தெனிய யார் நினைவுக்கும் வராது. கண்டியில் இருந்து மகியங்கனைக்குப் போகும் வீதியில், குண்டசாலையையும் திகனையையும் தாண்டினால் வரும் சிறு நகரம் அது. மேலே ரங்கலை, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்கள். கீழே சிங்களக் கிராமங்களின் வயல்கள். இடையிடையே முஸ்லிம் குடியிருப்புகள். கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815 பெப்ரவரி 18 அன்று பிடிபட்டது இதற்கு அருகே, மெதமகாநுவரப் பக்கத்தில்தான். ஆனால் இருபதாம் நூற்றாண்டில் இங்கே ஒரு போர்முனையும் அமையவில்லை. பீரங்கி முழங்கவில்லை, குண்டு விழவில்லை.

இருந்தும் அந்த நூற்றாண்டில் இங்கே வளர்ந்த பிள்ளைகளில் போரின் கை படாமல் வளர்ந்த தலைமுறை அரிது. 1939 முதல் 1945 வரை உலகப் போர். 1971 இல் ஏப்ரல் கிளர்ச்சி. 1983 முதல் 2009 வரை உள்நாட்டுப் போர். அதன் நடுவே 1987 முதல் 1989 வரை தெற்கை எரித்த இரண்டாவது கிளர்ச்சியும் அதை அடக்கிய வேட்டையும். குண்டு விழாத நாட்டுப்புறத்தில் போர் எந்த வழியாகப் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்தது, அந்த நினைவில் எது நிலைத்தது, அதை எவ்வளவு நம்பலாம், இதுவரை யார் கேட்டு எழுதினார்கள் என்பவை ஒரே கேள்வியின் பகுதிகள். மலையகத்தைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி இன்னும் முழுதாகக் கேட்கப்படவே இல்லை என்பது என் முடிவு. காரணங்களைச் சொல்கிறேன்.

உலகப் போரில் இருந்து தொடங்குவோம். 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையைத் தாக்கின. பாடநூல்களில் இலங்கையின் உலகப் போர் ஏறத்தாழ இந்த இரண்டு தேதிகளோடு முடிந்துவிடுகிறது. மலைநாட்டுப் பிள்ளைக்கோ போர் ஒரு மாதம் முன்பே வந்துவிட்டது. 1942 மார்ச் 8 இல் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. அக்காலத்தில் இலங்கை உண்ட அரிசியின் பெரும்பகுதி கப்பலில் வந்தது. அதிலும் பெரும்பகுதி பர்மாவில் இருந்து வந்தது. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் கூலிக்கணக்கோடு சேர்த்து அளந்து கொடுக்கப்பட்டதும் அந்த அரிசியே. ஒரு துறைமுகம் கைமாறியதும், அதன் பெயரைக் கூடக் கேள்விப்படாத ஒரு குழந்தையின் தட்டில் சோறு குறைந்தது.

அந்த ஆண்டே கூப்பன் முறை வந்தது. ஆளுக்கு இவ்வளவு என்று அரிசி பங்கிடப்பட்டது. ஊர் ஊராகக் கூட்டுறவுக் கடைகள் முளைத்தன. சங்கக்கடை என்ற பெயர் மக்கள் வாயில் நிலைத்தது அந்த ஆண்டுகளில்தான். அரிசி போதாத இடத்தைக் கோதுமை மாவும் பஜிரியும் மரவள்ளிக் கிழங்கும் நிரப்பின. பஜிரி என்பது வடஇந்தியக் கம்பு. அதைக் கழுவி ஊறவைத்து எப்படிச் சமைத்தாலும் பிள்ளைகளுக்கு இறங்காது என்பதே அக்காலத்தைக் கண்ட முதியவர்களிடம், சிங்களவரிடமும் தமிழரிடமும் ஒன்றுபோலக் கேட்கக் கிடைக்கும் பேச்சு. கோதுமை மா மட்டும் தங்கிவிட்டது. இன்று மலையகத்து உணவு என்றால் ரொட்டியும் இடிசம்பலும் சாயத்தண்ணியும் என்று வெளியூரார் சொல்கிறார்கள். விடியுமுன் எழுந்து, மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, உள்ளங்கையில் தட்டி, விறகடுப்பில் வாட்டி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்துக்குப் போகுமுன் பிள்ளை கையில் ஒன்றைச் சுற்றிக் கொடுக்கும் தாயைப் பார்த்தவர்கள் அது ஆதிகாலத்து வழக்கம் என்றே நினைப்பார்கள். சோறு உண்டு வாழ்ந்த குடிகளிடம் கோதுமை மா அந்த அளவுக்கு வேரூன்றப் போர்க்காலத் தட்டுப்பாடு பெரிய காரணம்.

போருக்காகக் கொண்டுவந்த பங்கீடு போர் முடிந்தும் போகவில்லை. 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தியதால் ஆகஸ்ட் 12 அன்று நாடு முழுவதும் ஹர்த்தால் வெடித்தது. பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி விலகினார். உணவு முத்திரை முறை 1979 இல் வந்த பிறகே கூப்பன் அரிசிக்கு முடிவு வந்தது. 1942 இல் பிறந்த குழந்தை முப்பத்தேழு வயதில், தானும் பிள்ளை பெற்ற பிறகும், உலகப் போரின் ஒரு சட்டத்தின் கீழ் உண்டுகொண்டிருந்தது என்று பொருள்.

இந்தப் பங்கீட்டின் அருமை வங்காளத்தோடு வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியும். பர்மா அரிசி நின்றதும், விலையேற்றமும், போர்க்கால நிர்வாகத்தின் பாராமுகமும் சேர்ந்து 1943 இல் வங்காளத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேரைக் கொன்றன. அப்போது சாந்திநிகேதனில் வளர்ந்துகொண்டிருந்த அமர்த்தியா சென்னுக்கு வயது பத்து. பசியோடு வாசலுக்கு வருவோருக்கு ஒரு சிகரெட் டின் அளவு அரிசி கொடுக்கலாம் என்று பாட்டனார் அனுமதித்திருந்ததை அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். செத்தவர்கள் அனைவரும் நாட்டுப்புற ஏழைகள், தம் வகுப்புத் தோழர் வீட்டில் ஒருவரும் சாகவில்லை என்பதும் அந்தப் பிள்ளையின் கண்ணில் பட்டது. 1981 இல் வெளிவந்த அவருடைய பஞ்ச ஆராய்ச்சி, உணவு இருக்கிறதா என்பதோடு நில்லாமல் அதை வாங்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று கேட்டது. சிறுவயது நினைவு வெறும் ஏக்கம் என்று தள்ளுவோருக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. இலங்கையில் பஞ்சச் சாவு அந்த அளவில் நிகழாமல் போனதற்குப் பங்கீடு முக்கியக் காரணம். சங்கக்கடை வரிசையில் தகரப் பேணியோடு நின்ற பிள்ளையின் நினைவு அந்தக் கதையின் மறுபாதி. அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

எழுதிவைக்கப்பட்டது வேறு. 1944 ஏப்ரலில் நேச நாட்டுப் படைத் தளபதி மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தைத் தில்லியில் இருந்து கண்டிக்குக் கொண்டுவந்தார். பேராதனைப் பூங்கா படை அலுவலகமானது. ஜெனரல்களின் கூட்டங்கள், நாட்குறிப்புகள், பூங்காவில் எடுத்த படங்கள் எல்லாம் நூல்களாகிவிட்டன. பிரித்தானியர், இந்தியர், ஆபிரிக்கர் என்று பல நாட்டுப் படையினர் கண்டித் தெருக்களில் நடமாடினார்கள். அவர்களில் ஏறத்தாழ இருநூறு பேர் இன்றும் கண்டிப் போர் மயானத்தில் உறங்குகிறார்கள். அங்குள்ள கல்லறைகள் ஒழுங்காகப் பேணப்படுகின்றன. பேணுவது நல்லதுதான். அதே ஆண்டுகளில் பத்து மைல் தள்ளி லயத்தில் வாழ்ந்த பிள்ளைகளைப் பற்றி ஒரு பக்கமும் இல்லை என்பதுதான் வருத்தம்.

நாட்டுப்புறத்தில் கழிந்த போர்க்காலப் பிள்ளைப்பருவம் என்ற எழுத்துவகைக்கு உலகில் தனி வரலாறு உண்டு. 1939 செப்டம்பர் தொடக்கத்தில், ஜெர்மன் குண்டுக்கு அஞ்சி, பிரித்தானிய நகரங்களில் இருந்து ஏறத்தாழ 15 இலட்சம் பேர் சில நாட்களில் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள், பெரும்பாலானோர் பிள்ளைகள். பசுவையும் வைக்கோலையும் முதன்முதலாகக் கண்ட வியப்பு, அம்மாவைப் பிரிந்த அழுகை என்று அவர்கள் பின்னாளில் எழுதிக் குவித்தார்கள். போர்க்காலப் பிள்ளைகளோடு இலண்டனில் பணியாற்றிய அன்னா பிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் 1943 இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். குண்டுச் சத்தத்தைவிடத் தாயைப் பிரிவதே சிறு குழந்தையை ஆழமாகக் காயப்படுத்துகிறது என்பது அதன் சாரம்.

இலங்கையிலும் அப்படி ஓர் இடப்பெயர்வு நடந்தது. படையினர் கட்டடங்களை எடுத்துக்கொண்டதால் கொழும்புக் கல்லூரிகள் சிதறின. ராயல் கல்லூரியின் ஒரு பகுதி பண்டாரவளைக்கும், சென். தோமஸ் கல்லூரியின் ஒரு பகுதி குருத்தலாவைக்கும் போயின. குளிர்காற்றும் மலையேற்றமுமாகக் கழிந்த அந்த நாட்களைப் பழைய மாணவர்கள் ஆசையோடு நினைவுகூர்வார்கள். அந்த நினைவுகளில் குறை காண எனக்கு உரிமை இல்லை. ஒன்றை மட்டும் சுட்டுகிறேன்: அவர்களுக்கு மலைநாடு புகலிடம், அங்கேயே பிறந்த பிள்ளைக்கு வேலைத்தலம். ஒரே மலை, ஒரே ஆண்டு, இரண்டு பிள்ளைப்பருவம். ஒன்றுக்கு மட்டும் எழுத்து வாய்த்தது.

வேலைத்தலம் என்று சொன்னதை விளக்க வேண்டும். 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் தோட்டத்தில் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி, சிறுவருக்கு ஒரு கூலி என்று மூன்று வீதம் வகுத்தது. சிறுவர் உழைப்பு சட்டத்திலேயே ஒரு வரியாக இருந்தது. பிரித்தானிய அரசு போர்க்காலத்தில் இலங்கைத் தேயிலையை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. மலாயா வீழ்ந்த பின் நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பர் கிடைத்த முதன்மையான இடங்களில் ஒன்றாகவும் இலங்கை ஆனது. மரம் பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று அடியோடு பால் வெட்டினார்கள். கொழுந்து வேண்டும், பால் வேண்டும். ஆனால் புதிய ஆள் வர வழியில்லை. 1939 இல் இந்திய அரசு இலங்கைக்கு உடல் உழைப்புக்காக ஆள் போவதைத் தடைசெய்துவிட்டது. தோட்டத்தில் தொழிலாளியாகப் பேர் பதியும் வயதில் இருந்த பிள்ளைக்கு அந்தப் போர் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் கிளென் எல்டர் 1974 இல் எழுதிய ஒரு புகழ்பெற்ற ஆய்வு இங்கே கைகொடுக்கும். 1930களின் பெருமந்தத்தில் வளர்ந்த பிள்ளைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து பதிந்த தரவுகளை ஆராய்ந்தவர் அவர். ஒரே துன்பம் வயதுக்கு வயது வேறாக விழுகிறது என்பது அவர் தந்த பாடம். 1942 இல் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைமடுவத்துத் தொட்டிலில் கிடந்த குழந்தைக்குப் போர் என்பது பால்மா இல்லாத பசி. ஏழு வயதுக்காரருக்குக் கூப்பன் வரிசை. பன்னிரண்டு வயதுக்காரருக்குக் கூடை. பதினாறு வயதுக்காரருக்கு அது தொழிற்சங்கக் கொடியாகவும் இருந்திருக்கலாம். 1940 ஜனவரியில் இதே கண்டி மாவட்டத்தின் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில், கூலி உயர்வு கேட்டு எழுந்த போராட்டத்தின்போது பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்தார். அச்செய்தி அன்று லயத்துக்கு லயம் பரவியது. போர்க்கால மலையகப் பிள்ளைப்பருவம் என்று ஒற்றையில் பேசுவதே பிழை. அவற்றை வயது வாரியாகக் கேட்டுப் பிரிக்க வேண்டும்.

கடலுக்கு அப்பால் மலாயாவில் இருந்த உறவினர்களின் கதை இதைவிடக் கொடியது. ஒரே தமிழ்நாட்டு மாவட்டங்களில் இருந்து ஒரே காலத்தில் கப்பலேறி, வேறு வேறு கரையில் இறங்கியவர்கள் அவர்கள். சயாம் – பர்மா ரயில் பாதைக்கு ஜப்பானியர் பல்லாயிரம் தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். தகப்பன் திரும்பாத வீடுகளில் பிள்ளைகள் வளர்ந்தார்கள். அங்கே அதை எழுதினார்கள், ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலே உண்டு. சிங்கப்பூரில் 1979 இல் தொடங்கிய வாய்மொழி வரலாற்று மையம் ஜப்பானிய ஆட்சிக்கால நினைவுகளைத் தேடித் தேடிப் பதிவுசெய்தது. மலையக எழுத்தோ குடியுரிமையையும் தொழிற்சங்கத்தையும் நாடு கடத்தலையும் முதன்மையாகக் கொண்டது. அவை உயிர்ப்பிரச்சினைகள், அந்தத் தேர்வைக் குறைசொல்ல முடியாது. விளைவு என்னவோ இதுதான்: போர்க்காலம் அந்த எழுத்துக்கு முன்னுரை அளவிலேயே நின்றுவிட்டது.

போர்க்காலத்தையும் குடியுரிமையையும் பிரித்துப் பார்த்ததும் ஒரு பிழை என்றே நான் கருதுகிறேன். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. அதன் பின் வந்த 1949 ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வாசலைத் திறந்தது. அதன் நிபந்தனையைக் கவனியுங்கள். 1946 ஜனவரி 1 க்கு முன், மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இலங்கையில் தொடர்ச்சியாக வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். ஒரே தடவையில் ஓராண்டுக்கு மேல் வெளியே இருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. 1946 இல் இருந்து ஏழு ஆண்டு பின்னோக்கி எண்ணினால் 1939 ஜனவரி வருகிறது. அப்படியே போர்க்காலம்! குண்டுக்குப் பயந்து பலர் கொழும்பை விட்டு இந்தியாவுக்கு ஓடிய காலம். கப்பல் போக்குவரத்து நிச்சயமில்லாத காலம். ஊருக்குப் போன தாயும் பிள்ளையும் திரும்பி வருவது யார் கையிலும் இல்லாத காலம். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் ஓடிக்கொண்டிருந்த அந்த ஏழு ஆண்டில் நீ அசையாமல் இங்கேயே இருந்தாயா, இருந்ததற்குக் கடதாசி காட்டு என்று ஒரு நாடு தன் உழைப்பாளிகளைக் கேட்டது.

பிறப்பைப் பதியாத வீடுகள் ஏராளம். வேலைநாளும் கூலியும் பதிந்த செக்ரோல் ஏடுகள் துரை அலுவலகத்தில் இருந்தன, தொழிலாளி கையில் இல்லை. தோட்டப் பள்ளிக்கூட இடாப்பில் பிள்ளையின் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். விண்ணப்பித்தவர்களில் சிறு பகுதியினருக்கே குடியுரிமை கிடைத்தது. பின்பு 1964 இந்திய – இலங்கை ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று இரு பிரதமர்களும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆகவே, போர்க்காலத்தில் எந்த லயத்தில் இருந்தோம், எந்த மாதம் ஊருக்குப் போனோம், எப்போது திரும்பினோம் என்ற சிறுவயது நினைவு அந்த மக்களுக்குச் சட்ட ஆதாரமாக இருந்திருக்க வேண்டியது. யாரும் அதைச் சாட்சியாக ஏற்கவில்லை.

பள்ளிக்கூடமும் அப்படியே. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945 இல், போர் முடிந்த அதே ஆண்டில் வந்தது. கண்டிச் சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளின் வாழ்க்கையைத் திருப்பிப்போட்ட சட்டம் அது. தோட்டப் பள்ளிக்கூடங்கள் அதற்கு வெளியே நின்றன. அரசு அவற்றை முழுமையாகப் பொறுப்பேற்க 1970கள் வரை ஆயிற்று. போர்க்காலப் பிள்ளைகள் எழுதவில்லை என்று சொல்லும்போது, எழுத யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நினைவை எவ்வளவு நம்பலாம்? எல்லாவற்றையும் நம்ப வேண்டியதில்லை. மலைநாட்டில் வளர்ந்த முதியவர் ஒருவர் ஜப்பான் விமானம் எங்கள் தோட்டத்தில் குண்டு போட்டதை என் கண்ணால் பார்த்தேன் என்றால், தயங்கத்தான் வேண்டும். தாக்கப்பட்டவை கொழும்பும் திருகோணமலையும். பெரியவர்கள் சொன்னதும் பின்னாளில் படத்தில் பார்த்ததும் சொந்தக் காட்சியாக ஒட்டிக்கொள்வது மனித இயல்பு. அதே முதியவர் கூப்பன் அரிசி எந்தக் கிழமை வந்தது, பஜிரி எப்படி மணத்தது, பங்கை யார் அளந்தார்கள், யாருக்குக் குறைந்தது என்று சொன்னால் காது கொடுக்கலாம். ஒருமுறை நிகழ்ந்தது மங்கும், மாறும். வாரந்தோறும் நடந்தது உடம்பில் ஊறிவிடும். அப்படித் திரும்பத் திரும்ப நடந்தவற்றைப் பற்றி அரச ஆவணம் பேசுவதே இல்லை. பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெத்லானா அலெக்சியேவிச் உலகப் போரின்போது பிள்ளைகளாக இருந்தவர்களிடம் கேட்டுத் தொகுத்த நூல் 1985 இல் வந்தது. அதன் வலிமை இத்தகைய சிறுசிறு விவரங்களில் இருக்கிறது.

இனி அடுத்த போர். 1977 ஆகஸ்ட் வன்முறை மலைநாட்டுத் தோட்டங்களை நேரடியாகத் தாக்கியது. லயங்கள் எரிந்தன, கோழியும் பானையும் கூடக் கொள்ளை போயின. பாதுகாப்பு தேடி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போயின. 1983 ஜூலையில் கண்டி நகரத்துக் கடைகள் எரிந்தபோது இன்னொரு அலை போனது. அவர்களைக் குடியமர்த்த எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் தொடங்கிய காந்தியம் இயக்கம் உழைத்தது. 1983 இல் இருவரும் சிறையில் இருந்தார்கள். ஜூலை 27 அன்று வெலிக்கடைச் சிறையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். மலைக்குளிரில் பிறந்த பிள்ளைகள் வன்னி வெயிலில் காடு வெட்டி வளர்ந்தார்கள். அவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும் 2009 இல் முள்ளிவாய்க்கால் வரை நடந்தவர்களில் உண்டு. போருக்குத் தப்பிப் போன இடமே போர்க்களமானது. வன்னிப் போரின் சிறுவர் நினைவுகளைப் படிக்கும்போது, இந்தப் பிள்ளையின் தாய் எந்தத் தோட்டத்தில் பிறந்தாள் என்ற கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். கண்டி மாவட்டம் பல இடங்களில் பதிலாக வரும்.

மலைநாட்டிலேயே தங்கியவர்களின் பிள்ளைகளுக்குப் போர் அடையாள அட்டையாக வந்தது. கொழும்புக் கடையில் வேலைக்குப் போன அண்ணன் பொங்கலுக்கு வரும்போது பஸ்ஸை மறித்துச் சோதிப்பார்கள். வடக்கு கிழக்குக்கு வெளியே அந்த அட்டை 2014 வரை சிங்களத்தில் மட்டுமே அச்சானது. தன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று வாசிக்கத் தெரியாமலே அதை நீட்டியவர்கள் பலர். தமிழ்ப் பெயர் ஒன்றே போதும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே வைக்க. அட்டையே இல்லாத தோட்ட இளைஞர்கள் கிராம சேவகரின் கடிதத்தை மடித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தார்கள். 1998 ஜனவரி 25 அன்று தலதா மாளிகை மீது புலிகள் வெடிகுண்டு லொறி மோதிய பின், கண்டியில் தமிழ் பேசும் வீட்டுக் கதவுகள் எப்படித் தட்டப்பட்டன என்பதை அந்த நாளில் பத்து வயதாக இருந்தவர் மறந்திருக்க மாட்டார். பொது இடத்தில் தமிழில் கூப்பிடாதே, அம்மா என்று உரக்கச் சொல்லாதே என்று தாயே பிள்ளையின் வாயைப் பொத்திய காலம் அது. யாழ்ப்பாணத்து மனக்காயங்களை உளமருத்துவர் தயா சோமசுந்தரம் 1998 இல் நூலாகப் பதிந்தார். மலையகத்தின் இந்த அடங்கிய அச்சத்துக்கு அப்படி ஒரு நூல் வரவில்லை.

தமிழ்ப் பிள்ளைகளின் நினைவோடு மட்டும் நிறுத்துவது நேர்மை ஆகாது. 1989 இல் தெல்தெனிய இருக்கும் தும்பறைப் பள்ளத்தாக்கின் சிங்களப் பிள்ளைகள் பார்த்தது என்ன? ஒருபுறம் கிளர்ச்சி நடத்திய ஜேவிபி, கடையை மூடு, விளக்கை அணை, வேலைக்குப் போகாதே என்று துண்டுப்பிரசுரம் ஒட்டியது, மீறியவர்களைக் கொன்றது. மறுபுறம் அரச படையும் முகமூடிக் கும்பல்களும் இளைஞர்களைத் தூக்கிப்போய்த் தெருவோரம் டயர் போட்டு எரித்தன. 1989 ஒக்டோபரில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு குளத்தைச் சுற்றி வெட்டிய தலைகளை அடுக்கிவைத்தார்கள். பள்ளிக்கூடம் போகும் வழியில் பிணம் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு நடந்த பிள்ளைகள் இன்று ஐம்பதை நெருங்குகிறார்கள். இந்தியப் பொருளைப் புறக்கணி என்ற ஜேவிபி முழக்கம் தோட்டத்து லயத்தில் வேறு ஓர் அச்சமாகக் கேட்டது. மலையகத் தமிழரை இந்திய விரிவாக்கத்தின் கைக்கூலி என்று தன் வகுப்புகளில் போதித்த கட்சி அது. ஒரே பள்ளத்தாக்கில், ஒரே இரவில், இரு பக்கத்துப் பிள்ளைகளும் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கதையை மற்றவர் இன்றுவரை கேட்டதில்லை.

தெல்தெனியப் பிள்ளைகளுக்கு இன்னொரு இடப்பெயர்வும் உண்டு, போரோடு கலந்தே நினைவில் நிற்பது. 1978 இல் தொடங்கிய விக்டோரியா அணை 122 மீற்றர் உயரத்தில் எழுந்தது. பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர் முன்னிலையில் 1985 ஏப்ரலில் அதைத் திறந்துவைத்தார்கள். பழைய தெல்தெனிய நகரம் நீருக்குள் போனது. வயல், பன்சலை, கடைத்தெரு, பள்ளிக்கூடம் எல்லாம் மூழ்க, மேட்டில் புதிய நகரம் கட்டப்பட்டது. சிலர் மகாவலி குடியேற்றங்களுக்குப் போனார்கள். வடக்கில் போர் மூண்ட அதே ஈராண்டில் இங்கே ஊர் மூழ்கியது. நீர் வற்றும் ஆண்டுகளில் பழைய சுவர்கள் வெளியே வரும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து காட்டுவார்கள். நீர் கொண்டுபோன ஊருக்குப் பத்திரிகைகளில் படமும் கட்டுரையும் உண்டு.

2009 இல் போர் முடிந்தது என்றார்கள். 2018 மார்ச்சில் தெல்தெனியவிலும் திகனையிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. தெல்தெனியவில் தாக்கப்பட்ட ஒரு சிங்கள லொறிச் சாரதியின் சாவில் தொடங்கிய வன்முறை அது. மார்ச் 6 அன்று நாடு முழுவதும் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. போரைக் கண்ணால் காணாத பிள்ளைகள் ஊரடங்கு என்றால் என்னவென்று அன்று கற்றார்கள். அவர்களுடைய நினைவு இன்னும் பசுமையாக இருக்கிறது; இப்போது கேட்டால் தெளிவாகக் கிடைக்கும்.

பிற நாடுகளில் இந்த வேலை நடந்திருக்கிறது. பிபிசி 2003 முதல் 2006 வரை சாதாரண மக்களிடம் கேட்டு உலகப் போர் நினைவுகளில் 47,000 கதைகளைச் சேர்த்தது. இலங்கையில் வடக்கு, கிழக்கு, தெற்கு அன்னையரின் வாய்மொழிகளை ‘ஹெர்ஸ்டோரிஸ்’ என்ற திட்டம் தொகுத்தது. கம்பளைக்கு அருகே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இயங்குகிறது. நூலகம் நிறுவனம் மலையக ஆவணங்களை எண்ணிமப்படுத்தி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. 2023 இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்த நினைவு நடைபயணம் இளையவர்களிடம் ஓர் ஆர்வத்தை எழுப்பியது. ஆக, சேமித்து வைக்க இடம் இருக்கிறது, கேட்க ஆளும் இருக்கிறார்கள். குறைவது காலம்.

1942 இல் ஏழு வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறை எட்டிவிட்டவர். உங்கள் வீட்டிலோ லயத்திலோ கிராமத்திலோ அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். போரைப் பற்றிச் சொல்லுங்கள் தாத்தா என்று கேட்டால், எனக்கு என்ன தெரியும், நான் போரைப் பார்க்கவில்லையே என்பார். அப்படிக் கேட்காதீர்கள். அரிசி யார் அளந்தார்கள், பஜிரியை எப்படிச் சமைத்தீர்கள், எந்த வயதில் பேர் பதிந்தீர்கள், யார் ஊருக்குப் போய்த் திரும்பவில்லை என்று கேளுங்கள். கைத்தொலைபேசியில் குரலைப் பதிந்து, பெயர், பிறந்த ஆண்டு, தோட்டம், டிவிசன் எல்லாம் குறித்து, அவர் சம்மதத்தோடு ஓர் ஆவணகத்துக்குக் கொடுங்கள். சிங்கள, முஸ்லிம் அயலவரின் முதியவர்களிடமும் அதையே கேட்டு வாங்குங்கள்.